பதினான்கு வருஷ மௌனம்

தொடர்கதை படிக்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்தினர், 'தொடரும்' என்ற வார்த்தை வந்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவார்கள். இன்னொரு ரகத்தினருக்கு அது சாத்தியமே இல்லை. பத்திரிகையை மடித்த பிறகுதான் அவர்களுடைய கதை ஆரம்பமாகும். "அந்தப் பெயரைச் சொன்னதும் பெரியவர் முகம் ஏன் வெளுத்தது? அந்தப் பழைய மோதிரத்தைப் பற்றி ஆசிரியர் எதற்காக இரண்டு வரி எழுதினார்? இதில் ஏதோ விஷயம் இருக்கிறது!" என்று குழம்பைக் கிளறிக்கொண்டே கதையையும் கிளறுவார்கள்.

இந்த இரண்டாவது ரகத்தினர் நம் ஊரில் மட்டும் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு கற்பனைப் பையனின் தாய் யார் என்ற ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, சுமார் இருபது வருஷ காலம் அவர்கள் தூக்கத்தைத் தொலைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? வேடிக்கை அதோடு நிற்கவில்லை. அவர்கள் கண்டுபிடித்த பதில் சரியாகவும் போய்விட்டது!

ஏழு புத்தகக் கதை

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்பவர் அமெரிக்க எழுத்தாளர். 1948-ம் வருஷம் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் பிறந்தவர். 1991-ல் வேறு ஏதோ நாவல் எழுதிக்கொண்டிருந்தபோது, அவர் மனக்கண்ணில் ஒரு காட்சி தோன்றியதாம். கோடைகாலத்துப் பனியில் ஓர் ஓநாய் செத்துக் கிடக்கிறது. அதன் குட்டிகளைச் சில சிறுவர்கள் கண்டெடுக்கிறார்கள். அந்த ஒரு காட்சியிலிருந்து வளர்ந்ததுதான் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்ற பெருங்கதை. பனியும் நெருப்பும் கலந்த கீதம் என்று பொருள்.

மூன்று புத்தகங்களில் முடித்துவிடலாம் என்று உத்தேசித்தார். கதை கேட்கவில்லை. ஏழு புத்தகங்கள் என்று திட்டம் வளர்ந்தது. முதல் புத்தகமான 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 1996-ல் வெளிவந்தது. ஐந்தாவது புத்தகம் 2011-ல் வந்தது. ஆறாவது புத்தகத்துக்காக வாசகர்கள் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கதை நடப்பது வெஸ்டராஸ் என்ற கற்பனைத் தேசத்தில். அரசர்கள், கோட்டைகள், மந்திரம், பறக்கும் நாகங்கள் எல்லாம் உண்டு. ஆனாலும் மாயாஜாலத்தைவிட மனித சுபாவந்தான் இதில் அதிகம். பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் லங்காஸ்டர் வம்சமும் யார்க் வம்சமும் சிம்மாசனத்துக்காக ஒன்றையொன்று அழித்துக்கொண்ட சரித்திரம் மார்ட்டினுக்கு முன்மாதிரி. அந்தச் சரித்திரத்தில், "இவன் உண்மையில் யாருடைய மகன்?" என்ற கேள்விக்குச் சரியான பதில் சொல்லாவிட்டால் தலை போய்விடும். மார்ட்டினின் கதையிலும் அப்படியே.

நல்ல மனிதரின் ஒரே களங்கம்

வடக்கே, பனி பொழியும் சீமையில், வின்டர்ஃபெல் என்று ஒரு கோட்டை. அதன் பிரபு எட்டார்ட் ஸ்டார்க். வேண்டியவர்கள் 'நெட்' என்று அழைப்பார்கள். சத்தியம் தவறாதவர். தலையை வாங்கும்படி தாமே தீர்ப்புச் சொன்னால், வாளையும் தாமே பிடிக்க வேண்டும் என்று நினைப்பவர். மனைவி காட்லின், ஐந்து குழந்தைகள்.

அந்த வீட்டில் ஆறாவதாக ஒரு பையனும் வளர்கிறான். பெயர் ஜான் ஸ்நோ. ஸ்நோ என்றால் பனி. வடக்குச் சீமையில் முறைதவறிப் பிறந்த பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த ஒரே குடும்பப் பெயர்தான். கலியாணமான சில நாட்களில் யுத்தத்துக்குப் போன நெட், திரும்பி வரும்போது ஒரு கைக்குழந்தையோடு வந்தார். "என் குழந்தை" என்றார். தாய் யார் என்று சொல்லவில்லை.

காட்லின் ஒரே ஒரு முறை கேட்டாள். தெற்கே ஓர் அழகிய பிரபு குலப் பெண்ணின் பெயரை வேலைக்காரர்கள் கிசுகிசுத்தது அவள் காதில் விழுந்திருந்தது. அன்று நெட் பேசிய தோரணையில் அவளுக்குக் குலை நடுங்கிவிட்டது. அத்தனை வருஷ தாம்பத்தியத்தில் அவர் அவளைப் பயமுறுத்தியது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு கோட்டையில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கதை தொடங்கும்போது பையனுக்குப் பதினாலு வயது. மௌனத்துக்கும் அதே வயது.

நமக்குக் கர்ணன் கதை தெரியும். அவன் யார் வயிற்றில் பிறந்தான் என்று பாண்டவர்களுக்குத்தான் தெரியாது. கேட்கிற நமக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அதனால்தான் போர்க்களத்தில் அம்பு பறக்கும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு பதறுகிறது. மார்ட்டின் செய்தது வேறு தந்திரம். தாய் இறந்துவிட்டாள்; தெரிந்தவர் வாயைத் திறக்கமாட்டார்; வாசகரிடமும் ஆசிரியர் சொல்லமாட்டார். அங்கங்கே சிந்திக் கிடக்கும் அரிசியைப் பொறுக்கிச் சேர்ப்பது வாசகரின் சாமர்த்தியம்.

பொறுக்கிய துப்புகள்

வாசகர்கள் என்னென்ன பொறுக்கினார்கள் என்று பார்ப்போம்.

நெட்டுக்கு லியானா என்று ஒரு தங்கை இருந்தாள். அவளை ராபர்ட் என்ற பிரபுவுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். ஒரு சமயம் ஹாரன்ஹால் என்ற இடத்தில் பெரிய வீர விளையாட்டு நடந்தது. வெற்றி பெற்றவன் பட்டத்து இளவரசன் ரேகார். ஜெயித்தவன் தனக்குப் பிரியமான ஒரு பெண்ணுக்கு மலர்க் கிரீடம் சூட்டுவது வழக்கம். ரேகார் குதிரையைத் தட்டிவிட்டான்; தன் சொந்த மனைவி உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டிப் போனான்; நீல ரோஜாக்களால் கட்டிய கிரீடத்தை லியானாவின் மடியில் வைத்தான். கூட்டத்தில் அத்தனை பேர் முகத்திலும் சிரிப்பு மறைந்தது.

சில காலத்துக்குப் பிறகு லியானாவை ரேகார் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று செய்தி வருகிறது. அதிலிருந்து யுத்தம் மூளுகிறது. ராபர்ட், ரேகாரைக் கொன்று சிம்மாசனம் ஏறுகிறான். நெட் தம் தங்கையைத் தேடிப் போய் ஒரு தனிக் கோபுரத்தில் காண்கிறார். அவள் ரத்த வெள்ளத்தில் படுத்திருக்கிறாள். அண்ணனிடம் ஏதோ வாக்குறுதி கேட்கிறாள். வாங்கிக்கொண்டு கண்ணை மூடுகிறாள்.

என்ன வாக்குறுதி? புத்தகம் சொல்லவில்லை. ஆனால் நெட்டின் நினைவில் அது திரும்பத் திரும்ப வருகிறது. தம் பிறந்த ஊரில் அடக்கம் செய்ய வேண்டும் என்பதுதான் அந்த வாக்குறுதி என்று மேலோட்டமாகப் படிப்பவர்கள் எண்ணிக்கொள்ளலாம். அந்தச் சின்ன ஆசைக்காகவா ஒரு மனிதர் பதினான்கு வருஷம் தூக்கத்தில் திடுக்கிட்டு விழிப்பார்?

அடுத்த துப்பு, அந்தக் கோபுர வாசலில் நின்றவர்கள். அரசரின் மெய்க்காவல் படை வீரர்கள் மூவர். அரசரைக் காப்பது ஒன்றே அவர்கள் செய்த சபதம். அதற்குள் அரசரும் இறந்துவிட்டார். பட்டத்து இளவரசனும் இறந்துவிட்டான். அரச குடும்பத்தில் மிஞ்சியவர்கள் வேறு தீவுக்கு ஓடிவிட்டார்கள். அப்படியிருக்க, இந்த மூவரும் ஒரு பெண்ணின் அறை வாசலில் நின்றுகொண்டு, உயிர் போகும்வரை ஏன் சண்டை போட வேண்டும்? அங்கே காப்பாற்றவேண்டிய அரசர் ஒருவர் இருந்தாலொழிய அதற்கு அர்த்தமில்லை. அந்த அரசர் தொட்டிலில் கிடந்திருக்க வேண்டும்!

இன்னொரு துப்பை, பிரசவம் பார்த்த அனுபவமுள்ள பெண்கள்தான் சட்டென்று பிடிப்பார்கள். லியானா மாண்ட படுக்கையை வர்ணிக்க நெட்டின் நினைவில் எந்தச் சொற்கள் வருகின்றனவோ, கிட்டத்தட்ட அதே சொற்களை, அதே புத்தகத்தில் வெகு தூரத்தில் ஒரு மருத்துவச்சி சொல்கிறாள். அவள் பேசுவது பிரசவப் படுக்கையைப் பற்றி.

இரண்டாவது புத்தகத்தில் ஒரு மாய மாளிகைக் காட்சி வருகிறது. பனிக்கட்டிச் சுவரின் விரிசலில் ஒரு நீலப் பூ பூத்திருக்கிறது. ஜான் ஸ்நோ அப்போது எங்கே இருக்கிறான்? வடக்கெல்லையில் உள்ள மகத்தான பனிச் சுவரில் காவலனாக! நீல ரோஜாவோ லியானாவின் பூ.

இவற்றையெல்லாம் கூட்டினால் விடை கிடைக்கிறது. ஜான், நெட்டின் மகன் அல்ல, தங்கையின் மகன். தகப்பன் ரேகார். "ஆர் கூட்டல் எல் சமம் ஜே" என்று, பள்ளிக்கூடத்துக் கணக்கைப் போல வாசகர்கள் இதை எழுதிக்கொண்டார்கள். முதல் புத்தகம் வந்து ஒரு வருஷத்துக்குள், 1997-லேயே, இந்தக் கணக்கைப் போட்டுவிட்டவர்கள் இருந்தார்கள்.

வாத்தியார் வேலையும் செய்த ஆசிரியர்

வாசகர்கள் இவ்வளவு கெட்டிக்காரர்களானது எப்படி? ஆசிரியரே பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்பதுதான் ரசமான விஷயம்.

முதல் புத்தகத்தில் நெட் தலைநகருக்கு மந்திரியாகப் போகிறார். அங்கே அவருக்கு முன் மந்திரியாக இருந்தவர் மர்மமாக இறந்திருக்கிறார். இறப்பதற்கு முன் அவர் ஒரு தடித்த வம்சாவளிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாராம். நெட்டும் அதைப் புரட்டுகிறார். ராபர்ட்டின் வம்சத்தில் தலைமுறை தலைமுறையாக எல்லாப் பிள்ளைகளுக்கும் கறுப்புத் தலைமயிர். ராணி பெற்ற மூன்று குழந்தைகளுக்கோ பொன்னிறத் தலைமயிர்! அவை ராஜாவின் குழந்தைகளே அல்ல என்று நெட் கண்டுகொள்கிறார்.

கதையின் வெளிப்புறத்தில் ஒரு பிறப்பு ரகசியத்தைத் துப்புத் துலக்குகிற அதே மனிதர், நெஞ்சுக்குள் இன்னொரு பிறப்பு ரகசியத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்! முதல் ரகசியத்தை நெட் எப்படித் துலக்குகிறார் என்று பார்த்துக்கொண்டே வருகிற வாசகருக்கு, இரண்டாவதைத் துலக்கும் முறையும் தானாகவே கைவந்துவிடுகிறது. வழி தவறவும் ஆசிரியர் ஏற்பாடு செய்திருக்கிறார். ஜானின் தாய் இன்னாள் என்று ஊரார் வாயில் ஒருத்திக்கு மூன்று பேர் அடிபடுகிறார்கள்: ஒரு பிரபு குலப் பெண், ஒரு தாதி, ஒரு மீனவன் மகள். மூன்றும் பொய்த் தடங்கள்.

காட்லினின் பங்கு

"இருக்கட்டும், கற்பனைக் கதையில் எவனோ எவனுக்கோ பிறந்தால் நமக்கு என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறும் விடுகதையாக இருந்தால் விடை தெரிந்த மறுநாள் அதை மறந்திருப்பார்கள். இந்த ஊகம் இத்தனை வருஷம் உயிரோடு இருந்ததற்குக் காரணம் வேறு.

விடையைத் தெரிந்துகொண்டு முதல் புத்தகத்தை மறுபடி படித்துப் பாருங்கள். நெட்டின் ஒரே களங்கம் என்று உலகம் சொன்னது, அவர் செய்த மிகப் பெரிய தியாகமாக மாறிவிடுகிறது. ரேகாரின் மற்றக் குழந்தைகளைக் கொன்று, சிவப்புப் போர்வையில் சுற்றி ராபர்ட்டின் காலடியில் வைத்தார்கள். ராபர்ட் அதைக் கண்டு மனம் கலங்கவில்லை. நெட் அதைக் கண்ணால் பார்த்தவர். "இதுவும் ரேகாரின் குழந்தை" என்று சொல்லியிருந்தால் மூன்றாவது போர்வையும் தயாராகியிருக்கும். ஆகையால் தம்முடைய நல்ல பெயரைக் கொடுத்து அந்தக் குழந்தையின் உயிரை வாங்கினார்.

ஆனால் முழு விலையையும் அவர் ஒருவரேவா கொடுத்தார்? கணக்குப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அங்கே காட்லினின் பெயர் இருக்கிறது.

புது மணப்பெண். தலைப்பிள்ளையைப் பெற்று மடியில் வைத்துக்கொண்டு புகுந்த வீட்டுக்கு வருகிறாள். அங்கே தனக்கு முன்பாகவே ஒரு குழந்தையும் அதற்கு ஒரு தாதியும் குடியேறியிருக்கக் காண்கிறாள். பிரபுக்களுக்கு வெளியே பிள்ளை இருப்பது அந்தத் தேசத்தில் அதிசயமில்லை. வீட்டுக்குள்ளே கொண்டுவந்து, தன் பிள்ளைகளோடு சமமாக வளர்ப்பதுதான் அதிசயம். போதாததற்கு, அவள் பெற்ற பிள்ளைகளில் பலரைவிட அந்தப் பையன்தான் அசல் ஸ்டார்க் வம்சத்து முகஜாடை! தினம் தினம் அந்த முகத்தைப் பார்த்து, "இவனுடைய அம்மாவிடம் அவருக்கு எவ்வளவு ஆசை இருந்திருந்தால் இப்படி வைத்துக் காப்பாற்றுவார்!" என்று அவள் உள்ளுக்குள் வெந்திருக்க மாட்டாளா?

அந்த வேதனை அவளைக் கொடியவளாகவும் ஆக்கியது. அவளுடைய மகன் பிரான் நினைவிழந்து கிடக்கும்போது ஜான் விடைபெற வருகிறான். அந்த இடத்தில் கிடக்கவேண்டியவன் நீதான் என்று, தாயில்லாப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். முதல் தடவை படிக்கும்போது அவள்மீது நமக்குக் கோபம் வருகிறது. ரகசியம் தெரிந்து படித்தால் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறது. பையன்மீது குற்றமில்லை. அவள்மீது முழுக் குற்றமில்லை. சொல்லாமலிருந்த கணவர்மீதா? சொல்லியிருந்தால்? மனைவியிடம் சொன்ன ரகசியம் எப்போதாவது அரண்மனை வரையில் போய்ச் சேர்ந்திருக்குமோ? அவளை நம்பியிருக்க வேண்டாமா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்த வாசகரும் முடிவான பதில் கண்டதில்லை. குழந்தையின் உயிர் பெரிது, நெட் செய்ததுதான் சரி என்று ஒரு கட்சி. தன் மனைவியை நம்பாதவர் என்ன சத்தியசந்தர் என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மூன்றாவது புத்தகத்தில் ஒரு கலியாண விருந்தில் காட்லினைக் கொன்றுவிடுகிறார்கள். அதுவரையில் அவளுக்கு உண்மை தெரியவே தெரியாது.

குட்டு வெளிப்பட்டால் என்ன செய்வது?

வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஆசிரியருக்குத் தர்மசங்கடம். முதல் திட்டத்திலேயே இந்த ரகசியத்தைக் கடைசிப் புத்தகத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். 1993-ல் தம்முடைய ஏஜெண்டுக்கு அவர் எழுதிய கதைச் சுருக்கக் கடிதம் 2015-ல் வெளியாயிற்று. ஜானின் உண்மையான பிறப்பு கடைசிப் புத்தகத்தில் தெரியவரும் என்று அதிலேயே இருக்கிறது.

வேறு ஆசிரியராக இருந்தால், "அப்படியா சமாசாரம்! விடையை மாற்றிவிடுகிறேன், பார்!" என்று கிளம்பியிருக்கலாம். மார்ட்டின் அதற்கு ஒப்பவில்லை. கொலை செய்தவன் பட்லர் என்று முதலிலிருந்து துப்பு வைத்துக்கொண்டு வந்துவிட்டு, யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்காக வேலைக்காரி தலையில் பழியைப் போட்டால், வைத்த துப்புகள் அத்தனையும் பொய்யாகிவிடும் என்ற கருத்தை அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கவனித்துப் படித்தவரை ஏமாற்றிவிட்டு, கவனிக்காமல் படித்தவரைத் திடுக்கிட வைப்பதில் பெருமை என்ன இருக்கிறது?

இந்தக் கதையை டெலிவிஷன் தொடராகத் தயாரிக்க டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ் என்ற இரண்டு பேர் அவரைத் தேடி வந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் பேச்சு நீண்டது. வந்தவர்கள் புத்தகத்தை நிஜமாகவே படித்தவர்கள்தானா என்று பார்க்க மார்ட்டின் ஒரே கேள்வி கேட்டார்: ஜானின் தாய் யார்? அவர்கள் சொன்ன பதில் அவருக்குத் திருப்தியாக இருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பாட்டுப் பாடச் சொல்வதுபோல, அந்த ஒரு கேள்வியில் சம்பந்தம் நிச்சயமாகிவிட்டது!

பலித்தவையும் பலிக்காதவையும்

ஒரு ஊகம் பலித்ததும் வாசகர்களுக்கு ருசி கண்டுவிட்டது. புத்தகத்தில் வருகிற ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மறைந்த பூர்வ கதை ஒன்றைத் தேட ஆரம்பித்தார்கள்.

அவற்றில் அருமையான ஒன்று, குழி தோண்டுகிறவனைப் பற்றியது. 'வேட்டைநாய்' என்று பெயரெடுத்த முரட்டு வீரன் ஒருவன், தொடையில் காயம்பட்டு மரத்தடியில் சாகக் கிடக்கிறான். 2005-ல் வந்த நாலாவது புத்தகத்தில், வேட்டைநாய் இறந்துவிட்டான், நானே புதைத்தேன் என்று ஒரு மடத்துத் தலைவர் சொல்கிறார். ஆனால் அந்த வீரனின் சொந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும், அவன் அமைதியடைந்துவிட்டான் என்கிறார். அந்த மடத்தில் நெட்டையான ஒருவன் நொண்டிக்கொண்டே பிரேதக் குழி தோண்டுகிறான். ஒரு நாய் அவனிடம் ஓடுகிறது. குனிந்து அதன் காதைச் சொறிந்து கொடுக்கிறான். லாயத்தில் நிற்கும் முரட்டுக் கறுப்புக் குதிரையோ வேட்டைநாயினுடையது! ஆள் சாகவில்லை, அவனுக்குள் இருந்த மிருகம்தான் செத்தது என்று வாசகர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். 2016-ல் டெலிவிஷனில் அவன் உயிரோடு வந்து நின்றான்.

பலிக்காத ஊகமும் உண்டு. கறுப்பு அங்கி அணிந்து, கைகள் சில்லிட்டுக் கறுத்து, முகத்தை மூடிக்கொண்டு, பெரிய கடமான் மேல் ஏறி வருகிறான் ஒரு மர்ம மனிதன். அவன் காணாமற்போன நெட்டின் தம்பி பெஞ்சன்தான் என்று அநேகர் சத்தியம் செய்தார்கள். மார்ட்டினின் கையெழுத்துப் பிரதிகள் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் சர்வகலாசாலையின் நூலகத்தில் இருக்கின்றன. அங்கே ஐந்தாவது புத்தகத்தின் பிரதியில், "இவன்தான் பெஞ்சனா?" என்று பதிப்பாசிரியை ஓரத்தில் கேட்டிருக்கிறார். பக்கத்தில் மார்ட்டின் பெரிய எழுத்தில், "இல்லை" என்று எழுதியிருக்கிறார். பதிப்பாசிரியைக்கே அந்தச் சந்தேகம் வந்தது என்பதில் வாசகர்களுக்கு ஓர் ஆறுதல்! டெலிவிஷன்காரர்கள், 'இல்லை' என்றதைப் பொருட்படுத்தாமல், தங்கள் தொடரில் பெஞ்சனையே அந்த மர்ம மனிதனுக்குப் பதிலாக வரவழைத்துவிட்டார்கள்.

மூன்றாவது ஊகம் டிரியன் என்ற குள்ளப் பிரபுவைப் பற்றியது. அறிவில் சூரன், உருவத்தில் குறைபட்டவன். தகப்பன் டைவின் அவனை ஜன்மத்திலிருந்து வெறுக்கிறார். டிரியனும் டைவினின் மகனல்ல, பழைய பைத்தியக்கார ராஜாவின் மகன் என்று ஒரு கட்சியார் சொல்கிறார்கள். துப்பு இல்லாமலில்லை. டிரியனின் தாய்மீது அந்த ராஜாவுக்கு ஒரு கண் இருந்தது. டிரியனுக்குச் சிறு வயதிலிருந்து பறக்கும் நாகங்களைப் பற்றியே கனவு. சாகும் தறுவாயில் டைவினும், நீ என் பிள்ளையல்ல என்கிறார்.

எது நல்ல ஊகம்?

ஜானைப் பற்றிய ஊகத்துக்கும் துப்பு இருக்கிறது. டிரியனைப் பற்றிய ஊகத்துக்கும் துப்பு இருக்கிறது. அப்படியானால் முதலாவது மனத்தில் ஒட்டிக்கொள்வதும், இரண்டாவது ஒட்டாமல் வழுக்கி விழுவதும் ஏன்?

துப்புகளை எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது என்று தோன்றுகிறது. இந்த ரகசியம் நிஜமானால் பாத்திரத்தின் துயரம் ஆழமாகிறதா, அல்லது கரைந்து போகிறதா என்று பார்க்க வேண்டும். தங்கத்தை உரைத்துப் பார்க்கிற கல் அதுதான்.

டிரியனின் துயரம் என்ன? தன்னை வெறுக்கும் தகப்பனுக்கு, மூன்று பிள்ளைகளிலும் அவன்தான் அசல் வாரிசு. அதே கூர்மை, அதே பிடிவாதம், அதே குரூரம். டைவினின் சகோதரியே ஒரு சமயம் இதை வாய்விட்டுச் சொல்கிறாள். தன்னையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்ததால்தான் தகப்பன் அவனை வெறுத்தாரோ என்றுகூட நமக்குத் தோன்றுகிறது. "அவர் உன் தகப்பனே அல்ல" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? வெறுப்புக்குச் சுலபமான காரணம் கிடைத்துவிடும். ரணம் ஆறிவிடும், கதையும் செத்துவிடும்.

ஜான் விஷயம் அப்படியல்ல. ரகசியம் தெரியத் தெரிய நெட்டின் மௌனம் கனக்கிறது. காட்லினின் கசப்பு பரிதாபமாகிறது. தாயைப் பற்றி ஒரு வார்த்தையும் தெரியாமல் வளர்ந்த பையனின் ஏக்கம் இன்னும் பெரிதாகிறது. யாருடைய பாரமும் குறையவில்லை.

திரை விலகிய பிறகு

2016-ம் வருஷம் ஜூன் மாதம் 26-ந் தேதி ஒளிபரப்பான பகுதியில் டெலிவிஷன் தொடர் அந்தக் கோபுர அறைக் கதவைத் திறந்து காட்டியது. லியானாவின் பிரசவப் படுக்கை. நெட்டின் கையில் குழந்தை. அடுத்த கணம் வளர்ந்த ஜானின் முகம். வசனமே தேவைப்படவில்லை. முதல் புத்தகம் வந்து இருபதாவது வருஷம் அது. மறு வருஷம், ரேகாரும் லியானாவும் முறைப்படி மணம் புரிந்தவர்கள் என்றும் தொடர் சொல்லிற்று. ஆக, முறைதவறிப் பிறந்தவன் என்று ஒதுக்கப்பட்டவன்தான் சட்டப்படி சிம்மாசனத்துக்கு உரியவன்!

ஆனால், 2019-ல் எழுபத்து மூன்று பகுதிகளோடு தொடர் முடிந்தபோது அநேகருக்கு ஏமாற்றம். அத்தனை காலம் காத்த ரகசியத்தால் ஜானுக்குச் சிம்மாசனமும் கிடைக்கவில்லை, மனச்சாந்தியும் கிடைக்கவில்லை, மறுபடி பனிச் சுவருக்கே அனுப்பிவிட்டார்கள். "இதற்காகவா இத்தனை பாடு?" என்று பலர் அலுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தொடர் ஓரிடத்தில் மட்டும் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்து, ரகசியத்தின் அசல் பாரத்தைக் காட்டியது. 2013-ல் வந்த பகுதி ஒன்றில் காட்லின் ஓர் இளம்பெண்ணிடம் மனம் திறக்கிறாள். கைக்குழந்தையான ஜான் செத்துப்போக வேண்டும் என்று ஒரு காலத்தில் அவள் பிரார்த்தித்தாளாம். பிறகு குழந்தைக்குக் கடும் நோய் வந்ததும், தன் பாவம்தான் என்று நடுங்கி, அவனைப் பிழைக்க வைத்தால் சொந்தப் பிள்ளையாக நேசிப்பேன் என்று வேண்டிக்கொண்டாளாம். குழந்தை பிழைத்தது. அவளால் நேசிக்க முடியவில்லை. தன் குடும்பத்துக்கு நேர்ந்த துன்பமெல்லாம் அந்த வாக்குத் தவறியதால்தான் என்று அவள் எண்ணுகிறாள். அந்தக் காட்சியைப் பார்த்தவர்களில், விடை தெரிந்த அத்தனை பேரும் டெலிவிஷன் பெட்டியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லத் துடித்திருப்பார்கள்: "அம்மா, அவர் உனக்குத் துரோகம் செய்யவில்லை!"

புத்தகத்தில் அந்த வார்த்தை இன்னும் சொல்லப்படவில்லை. கோபுரத்துக்கு எழுவராகப் போனவர்களில் உயிரோடு திரும்பியவர்கள் இருவர்தாம். நெட் மாண்டுவிட்டார். மற்றொருவர் ஹவ்லண்ட் ரீட் என்ற சதுப்பு நிலப் பிரபு. அவருடைய மகனும் மகளும் கதையில் வருகிறார்கள். அவரோ ஐந்து புத்தகங்களிலும் ஒரு தடவைகூட நேரில் தலைகாட்டவில்லை. விடை என்னவென்று வாசகர்களுக்கு ஐயமில்லை. இருந்தும் அந்த ஒரு மனிதர் வந்து வாயைத் திறப்பதற்காக அவர்கள் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். ரகசியத்தைத் தெரிந்துகொள்ள அல்ல. ஒரு பையனிடம் அவன் தாயின் பெயரைச் சொல்ல யாராவது வர வேண்டும் அல்லவா?